நிற்கும் தூரமும் படத்தின் அகலமும்: சிங்கப்பூரில் முதல் லென்ஸ் வாங்குபவருக்கு

புதிதாகக் கேமரா வாங்கியவர் யாரிடம் போய்க் கேட்டாலும் கிடைக்கும் முதல் யோசனை இதுதான்: "கூட வந்த கிட் லென்ஸை ஓரமா வை, ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 வாங்கு." விலை குறைவு, எடை குறைவு, படம் பளிச்சென்று வரும், பின்னணி அழகாக மங்கும். எல்லாமே உண்மை. ஆனாலும் தொடக்கநிலை கேமராவை வைத்துக்கொண்டு வீவக வீட்டிலும் தேக்காவிலும் உணவங்காடியிலும் அன்றாடம் படமெடுக்கப் போகிறவருக்கு நான் அந்த லென்ஸைச் சொல்ல மாட்டேன். இதற்கு என் ரசனை காரணமல்ல. கொஞ்சம் ஒளியியல், கொஞ்சம் வரலாறு, அப்புறம் இந்த ஊரின் சிறிய அறைகள், சீக்கிரம் கவியும் இருட்டு, எப்போதும் இருக்கும் ஈரம் ஆகியவைதான் காரணம்.

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் 24, 35, 50 போன்ற எண்கள் குவியத் தூரத்தைக் குறிப்பவை. வெகு தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் லென்ஸுக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் ஒன்றுகூடுகின்றனவோ, அந்தத் தூரம். பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்கியவர்கள் இதைக் கையாலேயே அளந்திருக்கிறார்கள். புள்ளி மிகச் சிறியதாகவும் மிகச் சூடாகவும் இருந்தபோது கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே இருந்த இடைவெளிதான் அது. கேமரா லென்ஸுக்குள் பல கண்ணாடிகள் இருப்பதால் எந்த இடத்திலிருந்து அளப்பது என்பது சற்றுச் சிக்கலானது. விளைவில் மாற்றமில்லை.

குவியத் தூரம் கூடக்கூடப் பின்னால் விழும் பிம்பம் பெரிதாகும். பிம்பத்தை வாங்கிக்கொள்ளும் சென்சார் பெரிதாவதில்லை. ஆகவே காட்சியில் குறைவான பகுதியே அதற்குள் அடங்கும். எவ்வளவு அடங்கும் என்பதை மனக்கணக்காகவே போடலாம். நீங்கள் நிற்கும் தூரத்தைச் சென்சாரின் அகலத்தால் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால், அந்தத் தூரத்தில் எத்தனை மீட்டர் அகலம் படத்துக்குள் வரும் என்பது தெரிந்துவிடும்.

தொடக்கநிலை கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார். சோனி, நிக்கான், ஃபுஜி கேமராக்களில் அதன் அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ. கேனனில் கொஞ்சம் குறைவு, 22.3 மி.மீ. ஃபுல் ஃபிரேம் என்றால் 36 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 17.3 மி.மீ.

இப்போது ஏபிஎஸ்-சி கேமராவில் 24 மி.மீ. லென்ஸை மாட்டுங்கள். 23.5-ஐ 24-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட ஒன்று. அதாவது நீங்கள் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறீர்களோ, அத்தனை மீட்டர் அகலம் படத்தில் வரும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் தள்ளி நின்றால் மூன்று மீட்டர். ஃபுல் ஃபிரேமில் 35 மி.மீ. லென்ஸும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 17 மி.மீ. லென்ஸும் இதே வேலையைச் செய்கின்றன, ஏனென்றால் அங்கேயும் குவியத் தூரமும் சென்சாரின் அகலமும் ஏறக்குறைய சமம். எனக்கு இந்தச் சமன்பாடு மிகவும் பிடிக்கும். கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும் முன்பே படத்தின் ஓரம் எங்கே விழும் என்று தெரிந்துவிடுகிறது.

பிறந்தநாள் விழாவை எடுத்துக்கொள்வோம். மேசைக்குப் பின்னால் ஆறு பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். ஆளுக்கு அரை மீட்டர் என்றால் மூன்று மீட்டர். 24 மி.மீ. லென்ஸோடு மூன்று மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி நின்றால் போதும். ஒரு நான்கறை வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியை ஒட்டி முதுகைச் சாய்த்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். அதே கேமராவில் 50 மி.மீ. லென்ஸை மாட்டினால்? மூன்று மீட்டர் அகலத்தை அடக்க 6.4 மீட்டர் பின்னால் போக வேண்டும். வாசலைத் தாண்டி, செருப்பு அடுக்கையும் தாண்டி, பொதுத் தாழ்வாரத்தில் நின்று எடுத்தால்தான் உண்டு. பாட்டியும் பேரனும் மட்டும் போதும் என்று விடுவீர்கள். சித்தப்பா ஒவ்வொரு படத்திலும் விட்டுப்போவார்.

50 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சி கேமராவில், ஃபுல் ஃபிரேமில் 75 மி.மீ. லென்ஸ் செய்யும் அளவுக்குக் காட்சியைக் குறுக்கிவிடுகிறது. அது முகத்தை எடுக்கும் லென்ஸ். வீட்டை, தெருவை, கடையை அந்த முகத்தோடு சேர்த்து எடுக்கும் லென்ஸ் அல்ல.

மூக்கு ஏன் பெரிதாகிறது

"அகல லென்ஸ் முகத்தைக் கோணலாக்கும், அதனால் 50-க்குக் கீழே போகாதே" என்று ஒரு பேச்சு உண்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் புகைப்படக்கலையில் இதைவிட அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட விஷயம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஒருவரின் மூக்கு நுனியிலிருந்து காதுவரை ஆழவாக்கில் ஏறத்தாழ 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கேமரா மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருந்தால், காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்த விகிதத்தில் அதன் பிம்பம் சிறிதாகும். ஆகவே காதோடு ஒப்பிட்டால் மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதிவாகிறது. அதே ஆளை 1.5 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் கணக்கு 150-க்கு 162. வித்தியாசம் 8 சதவீதம் மட்டுமே. கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

இந்தக் கணக்கில் குவியத் தூரம் எங்கேயும் வரவில்லை. முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் அல்ல, நீங்கள் நிற்கும் இடம். அகல லென்ஸ் வைத்திருப்பவர் முகம் சட்டத்தை நிறைக்கவேண்டும் என்று நெருங்கிப் போகிறார், அந்த நெருக்கம்தான் மூக்கைப் பெரிதாக்குகிறது. கைபேசியைக் கை நீளத்தில் பிடித்து எடுக்கும் செல்ஃபியில் நடப்பதும் இதேதான். 2018-இல் அமெரிக்க முகச் சீரமைப்பு அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, ஒரு கணித மாதிரியைக் கொண்டு, ஒன்றரை மீட்டர் தூரப் படத்தைவிட 30 செ.மீ. தூரப் படத்தில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று காட்டியது. செல்ஃபியைப் பார்த்து மூக்கைச் சரிசெய்ய வருபவர்களுக்கு எடுத்துச் சொல்வதற்காகவே செய்த ஆய்வு அது.

ஆகவே அன்றாட லென்ஸைத் தேர்ந்தெடுப்பது என்றால், மனிதர்களிடமிருந்து வழக்கமாக எவ்வளவு தூரத்தில் நிற்கப் போகிறீர்கள் என்பதைத் தேர்ந்தெடுப்பதுதான். சிங்கப்பூரில் அந்தத் தூரத்தைப் பெரும்பாலும் இடமே முடிவு செய்துவிடுகிறது.

பஃபலோ சாலை, கேம்பல் லேன் பக்கம் மாலை கட்டும் கடைகளைப் பாருங்கள். கடைக்காரர் உயரமான முக்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் தட்டில் மல்லிகை, சாமந்தி, ரோஜா, பக்கத்தில் நாரும் ஈரத் துணியும். தலைக்கு மேலே கட்டி முடித்த மாலைகள் வரிசையாகத் தொங்கும். ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பதற்குள் உங்கள் முதுகில் யாராவது இடிப்பார்கள். பழைய கடைவீடுகளின் முன்னால் இருக்கும் ஐந்தடிப் பாதை பெயருக்கேற்றபடி அவ்வளவு அகலம்தான். அந்த ஒன்றரை மீட்டரிலிருந்து 24 மி.மீ. லென்ஸ் உங்களுக்கு ஒன்றரை மீட்டர் அகலத்தைத் தரும். ஆள், கை, தட்டு, இருபுறமும் தொங்கும் மாலை எல்லாம் அதில் அடங்கும். 50 மி.மீ. தருவது 70 செ.மீ. முகமும் ஒரு தோளும் வரும், மாலை வராது.

அந்த இடத்தில் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஒளியை உள்ளே விடும் லென்ஸின் துளையை எஃப்/2-இல் வைத்து (இந்த எண் சிறியதானால் துளை பெரியது, பின்னால் விளக்குகிறேன்) 24 மி.மீ. லென்ஸால் ஒன்றரை மீட்டரில் எடுத்தால் முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறக்குறைய 30 செ.மீ. ஆழம் தெளிவாக இருக்கும். குனிந்து கட்டுகிற முகமும், முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நாரைச் சுண்டும் விரல்களும் இரண்டுமே தெளிவு. 50 மி.மீ. எஃப்/1.8-இல் அதே தூரத்தில் தெளிவான ஆழம் 6 அல்லது 7 செ.மீ.தான். கண்ணில் குவித்தால் விரல் மங்கும், விரலில் குவித்தால் கண் மங்கும். பின்னணி மங்குவது அழகுதான். ஆனால் தொழில் செய்கிற ஒருவரைப் படமெடுக்கும்போது அவர் கை மங்கிப்போனால் அந்தப் படத்தில் என்ன மிச்சம்?

ஏழு மணிக்குப் பிறகு

பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்றேகால் பாகையை ஒட்டி இருக்கும் ஊர் இது. சூரியன் ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணியை ஒட்டியே மறைகிறது. மறைவதும் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்கி மறைகிறது. மறைந்து இருபது நிமிடத்தில் அந்தி வெளிச்சம் தீர்ந்துவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் கோடையில் மணிக்கணக்கில் அனுபவிக்கும் மஞ்சள் வெயில் நமக்குக் கிடைப்பதில்லை. வேலை முடிந்து, ரயில் ஏறி வீட்டுக்கு வந்து கேமராவை எடுக்கும்போது இருட்டிவிட்டிருக்கும். நம்முடைய படங்களில் பெரும்பகுதி விளக்கொளியில் எடுப்பவைதான்: புளோக்கின் கீழ்த்தளம், உணவங்காடி, கல்யாண மண்டபம், தீபாவளிக்கு ஒளியூட்டிய சிராங்கூன் சாலை.

லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதைச் சொல்வது எஃப் எண். குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது அது. 50 மி.மீ. எஃப்/1.8 என்றால் முன்னாலிருந்து பார்க்கத் துளை 28 மி.மீ. அகலமாகத் தெரிகிறது. வகுத்து வரும் எண் என்பதால் எண் சிறியதாக இருந்தால் துளை பெரியது. 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும் வரிசை விசித்திரமாகத் தோன்றலாம். ஒவ்வொரு எண்ணும் முந்தையதைவிட 1.4 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். விட்டம் அந்த அளவு குறைந்தால் பரப்பளவு சரியாகப் பாதியாகிறது. ஆகவே ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதிப் பாதியாகக் குறையும்.

கேமராவோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸின் மேல் 3.5-5.6 என்று இருக்கும். அகலமான முனையில் எஃப்/3.5, நீளமான முனையில் எஃப்/5.6. எஃப்/2 லென்ஸோடு ஒப்பிட்டால் எஃப்/5.6-இல் எட்டில் ஒரு பங்கு வெளிச்சமே உள்ளே வருகிறது. இதை ஒரு கூடத்தில் வைத்துப் பார்ப்போம். இரவு, சாதாரண வீட்டு விளக்கு, கேமராவின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 1600. எஃப்/5.6-இல் சரியான வெளிச்சத்துக்கு ஷட்டர் ஏறக்குறைய 1/30 விநாடி திறந்திருக்க வேண்டும். எஃப்/4-இல் 1/60. எஃப்/2-இல் 1/250. ஓடிவரும் ஐந்து வயதுப் பிள்ளையை 1/30-இல் எடுத்தால் கிடைப்பது சட்டையின் நிறத்தில் ஒரு தீற்றல். 1/250-இல் எடுத்தால் பிள்ளையே கிடைக்கும்.

கேமராவிலோ லென்ஸிலோ இருக்கும் அதிர்வு தணிப்பு இதற்கு உதவாது. அது உங்கள் கை நடுக்கத்தை மட்டும் சமன்செய்யும், பிள்ளையின் ஓட்டத்தை நிறுத்தாது. அசையாத கோபுரத்துக்கும் மெரினா பே கட்டடங்களுக்கும் அது அருமையான வசதி. மனிதர்களுக்குப் பெரிய துளைதான் வேண்டும்.

"50 வாங்கு" என்ற யோசனையில் முழுக்கச் சரியான பாதி இதுதான்: எஃப்/1.8. அதை விட்டுவிடாதீர்கள். எண்ணை மட்டும் 50-லிருந்து 24 பக்கம் இறக்குங்கள்.

அப்படியென்றால் 50 எப்படி எல்லோர் வாயிலும் வந்தது?

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், சினிமாவுக்கு ஓடும் 35 மி.மீ. பிலிமைப் படுக்கவைத்து 36-க்கு 24 மி.மீ. அளவில் படமெடுக்கும் சிறிய கேமராவை உருவாக்கினார். 1925-இல் லைக்கா என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதற்கு மாக்ஸ் பெரெக் வடிவமைத்த லென்ஸ் 50 மி.மீ. படச்சட்டத்தின் மூலைவிட்டம் 43 மி.மீ. என்பதால் அதற்குச் சற்று மேலான 50, அகலமாகவும் இல்லாமல் குறுகலாகவும் இல்லாமல் இயல்பான பார்வையாக நிலைத்துவிட்டது. இன்று ஃபுல் ஃபிரேம் என்று நாம் சொல்வது அந்தச் சட்டத்தைத்தான். அந்தச் சட்டத்துக்கு 50 நல்ல லென்ஸ். சென்சார் சிறியதான பிறகும் எண் மட்டும் மாறாமல் வாய்வழியாக வந்துகொண்டிருக்கிறது.

அது ஏன் மலிவு என்பது இன்னும் சுவையான கதை. ஒரேயொரு கண்ணாடி வில்லையால் நல்ல படம் எடுக்க முடியாது. கண்ணாடிக்குள் நீல ஒளி சிவப்பைவிடக் கூடுதலாக வளைகிறது. ஆகவே இரண்டும் வெவ்வேறு இடத்தில் குவிந்து, பொருளின் ஓரத்தில் நிறக்கோடு விழும். வில்லையின் விளிம்பு வழியாக வரும் கதிர்களும் நடு வழியாக வரும் கதிர்களும் ஒரே இடத்தில் சேர்வதில்லை, அதனால் படம் முழுவதும் ஒரு மென்புகை படரும். ஒரு வில்லை செய்த பிழையை எதிர்ப்பக்கம் பிழை செய்யும் இன்னொரு வில்லையால் ஈடுகட்டுவதுதான் லென்ஸ் வடிவமைப்பு. இரண்டு வகைக் கண்ணாடிகளை இணைத்து நிறப்பிழையைக் குறைக்கும் முறைக்கு லண்டனில் ஜான் டாலண்ட் 1758-இல் காப்புரிமை பெற்றார்.

1896-இல் ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப், நடுவில் இருக்கும் துளைக்கு இருபுறமும் ஏறத்தாழ ஒரே மாதிரியான வில்லைக் கூட்டங்களை வைத்தார். முன்பாதி செய்யும் பல பிழைகளைப் பின்பாதி தானாகவே ரத்து செய்துவிடும். அற்புதமான யோசனை. ஆனால் ஒரு சிக்கல். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் எட்டுப் பரப்புகள் இருந்தால் கால்வாசிக்கும் மேல் வெளிச்சம் போய்விடும். போனது சும்மாவும் போகாது, உள்ளேயே எதிரொளித்துப் படத்தை வெளிறச் செய்யும். 1935-இல் அதே ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மகூலா கண்ணாடியின் மேல் மிக மெல்லிய படலத்தைப் பூசி இந்த எதிரொளிப்பைக் குறைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். பூச்சின் மேற்பரப்பிலிருந்து திரும்பும் அலையும் அடிப்பரப்பிலிருந்து திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி பூச்சின் தடிமனை அமைப்பதுதான் தந்திரம். லென்ஸை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தால் தெரியும் ஊதாவும் பச்சையும் இந்தப் பூச்சின் வேலையே. பூச்சு வந்ததும் ருடால்ஃபின் வடிவம் தழைத்தது. ஆறேழு வில்லைகளில், எளிய உருண்டைப் பரப்புகளில் எஃப்/1.8 கிடைத்துவிடுகிறது. கேனனின் மலிவான 50 மி.மீ. எஃப்/1.8-இல் இருப்பவை ஆறு வில்லைகளே.

24 மி.மீ.க்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியே வரும் காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிக் காட்ட, லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஏறி இறங்க வேண்டும். அதனால் லென்ஸ் பொருத்தும் வளையம் கேனனில் 44 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. முன்னால் தள்ளி இருந்தது. 24 மி.மீ.யில் குவிக்க வேண்டிய லென்ஸை அவ்வளவு தூரத்தில் வைத்துக் குவிக்கச் செய்ய, முன்னால் ஒரு பெரிய குழிவில்லையைப் போட்டு வடிவமைப்பையே புரட்டிப்போட வேண்டியிருந்தது. பிரான்ஸின் ஆன்ஜெனியூ நிறுவனம் 1950-இல் அப்படிப்பட்ட லென்ஸைக் கொண்டுவந்தது. கூடுதல் கண்ணாடி, கூடுதல் எடை, கூடுதல் விலை.

இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் அந்தக் கண்ணாடி இல்லை. வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே நிக்கான் இசட்டில் 16 மி.மீ., ஃபுஜியில் 17.7, சோனியில் 18, கேனன் ஆர்எஃப்பில் 20. 24 மி.மீ. லென்ஸைச் சிறியதாகவும் சகாய விலையிலும் செய்வது இப்போது முன்னைவிட எளிது. நிக்கானின் 24 மி.மீ. எஃப்/1.7, ஃபுஜியின் 23 மி.மீ. எஃப்/2, ஃபுல் ஃபிரேமுக்குக் கேனனின் 35 மி.மீ. எஃப்/1.8 எல்லாம் சட்டைப்பையில் இல்லாவிட்டாலும் சிறிய தோள்பையில் அடங்குபவை.

வாங்குவதற்கு முன் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. உங்களிடம் இருக்கும் 18-55 லென்ஸையே 24-இல் திருப்பி வைத்து, ஒரு வாரம் அந்த ஜூம் வளையத்தைத் தொடாமல் படமெடுங்கள். அடுத்த வாரம் 35. அப்புறம் 50. எந்த வாரத்தில் அதிகம் பின்னால் நகர்ந்தீர்கள், எந்த வாரத்தில் ஆள்மேல் விழுவதுபோல் நெருங்க வேண்டியிருந்தது என்று உடம்புக்கே தெரிந்துவிடும். ஏற்கெனவே எடுத்த படங்களின் விவரப் பக்கத்திலும் குவியத் தூரம் பதிவாகியிருக்கும், அதையும் புரட்டிப் பாருங்கள். எனக்குச் சரியானது உங்களுக்கும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. தைப்பூசத்தன்று சாலைத் தடுப்புக்கு வெளியே நின்று காவடியை எடுப்பவருக்கு 24 போதாது, அங்கே 50 நன்றாகவே உதவும். பீஷான் பூங்காவில் நீர்நாயையும் மரக்கிளையில் இருவாட்சியையும் தேடிப் போகிறவர்கள் வேறு உலகத்து லென்ஸைப் பார்க்க வேண்டும். கைக்குழந்தையோடு வெளியே போகிறவருக்கு லென்ஸ் மாற்ற நேரமே இருக்காது, அவர்களுக்கு எஃப்/2.8 ஜூம் ஒன்று, விலை கூடினாலும், நியாயமான செலவு.

கூர்மையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எந்த லென்ஸும் துளையை முழுதாகத் திறந்தால் கொஞ்சம் மென்மையாகவும், ஒன்றிரண்டு படி மூடினால் மிகக் கூர்மையாகவும் இருக்கும். மேலும் மூடினால் திரும்பவும் மங்கும். துளையின் ஓரத்தில் ஒளி அலைகள் விரிவடைவதால் ஒரு புள்ளி சிறு வட்டமாகிறது. எஃப்/16-இல் அந்த வட்டம் ஏறக்குறைய 21 மைக்ரான், 24 மெகாபிக்ஸல் ஏபிஎஸ்-சி சென்சாரின் ஒரு பிக்ஸலோ 4 மைக்ரானுக்குள். பகலில் எஃப்/5.6, எஃப்/8 போதும். தீபாவளி விளக்குகள் நட்சத்திரமாக விரிய வேண்டும் என்றால் முக்காலியில் வைத்து எஃப்/11-க்கு மூடலாம். துளையில் ஏழு இதழ்கள் இருந்தால் பதினான்கு கதிர்கள் வரும், எட்டு இருந்தால் எட்டுதான். ஒவ்வொரு இதழின் விளிம்பும் எதிரெதிர்த் திசையில் இரண்டு கதிர்களை வீசும். ஒற்றைப்படை இதழ்களில் அவை எல்லாம் தனித்தனியாக விழுகின்றன, இரட்டைப்படையில் எதிரெதிர் விளிம்புகளின் கதிர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடுகின்றன.

ஈரம்

சிங்கப்பூரில் லென்ஸை வாங்குவதைவிடக் காப்பாற்றுவது கடினம். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். பனி நிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 24, 25 பாகை செல்சியஸ். குளிர்சாதனம் ஓடும் கடைத்தொகுதியிலிருந்தோ ரயிலிலிருந்தோ 22 பாகைக்குக் குளிர்ந்த லென்ஸோடு வெளியே வந்தால், அதன் பரப்பு பனி நிலைக்குக் கீழே இருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் நீர்த்துளியாகப் படிந்தே தீரும். துடைத்தால் மறுபடி படியும். கண்ணாடி சூடாகும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. வெளியே வரும் முன்பே கேமராவை இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுவிடுங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், உள்ளே லென்ஸ் மெல்லச் சூடாகும். கால்மணி, அரைமணி நேரம் கழித்து எடுத்தால் தெளிவாக இருக்கும்.

படிந்த ஈரம் அலமாரியில் பலநாள் தங்கினால் வருவது பூசணம். அதன் வித்துகள் காற்றில் எங்கும் உண்டு. தூசியும் விரல் எண்ணெயும் அதற்கு உணவு. வளரும்போது அது சுரக்கும் அமிலங்கள் லென்ஸின் பூச்சை அரித்துவிடும். பூச்சு எவ்வளவு முக்கியம் என்று மேலே பார்த்தோம். பூசணத்தைத் துடைத்து எடுத்தாலும் அரித்த தடம் போகாது. ஆகவே லென்ஸுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஈரம் நீக்கும் அலமாரிக்கு ஒதுக்குங்கள். 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் போதும். அதற்குக் கீழே மிகவும் காய விடுவதும் நல்லதல்ல. இப்போதைக்கு அலமாரி முடியாது என்றால் காற்றுப்புகாத டப்பாவும் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் தாங்கும்.

பழைய லென்ஸ் வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. சிட்டி ஹால் ரயில் நிலையத்துக்கு அருகே பெனின்சுலா கட்டடத்தில் பயன்படுத்திய கேமராவும் லென்ஸும் விற்கும் கடைகள் இருக்கின்றன, நேரில் கையில் எடுத்துப் பார்க்கலாம். பார்க்கும்போது கைபேசி விளக்கை லென்ஸின் பின்பக்கமாக வைத்து, துளையை முழுதாகத் திறந்து, முன்பக்கம் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். உள்ளே நாலைந்து தூசிகள் தெரிந்தால் பரவாயில்லை, படத்தில் ஒன்றும் தெரியாது. சிலந்தி வலை மாதிரிக் கிளைத்த வெண்ணிழை தெரிந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அப்புறம் துளையின் இதழ்களில் எண்ணெய் பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அவை ஒட்டிக்கொள்ளும். கடைசியாக உங்கள் சொந்தக் கேமராவிலேயே மாட்டி, எதிரே இருக்கும் கடையின் பெயர்ப்பலகையை முழுத்துளையில் எடுத்து, திரையில் பெரிதாக்கி இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒப்பிடுங்கள். ஒருபக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் உள்ளே ஒரு வில்லை விலகியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் விலை பேச ஆரம்பிக்கலாம்.